ஒன்பது இருபது நத்தம் வண்டி

ஜூன் 3, செவ்வாய்

இந்த நோட்டை இன்று மாலை 5.15-க்கு வாங்கினேன். கோடு போட்டது, நூற்று இருபது பக்கம். எனக்கு நோட்டுக்குப் பஞ்சம் இல்லை. அவளைப் பற்றி எழுதியதே பதினான்கு நோட்டு நிறைந்து, பதினைந்தாவது பாதியில் இருக்கிறது. அதில் இப்படி இருக்கும்: காலை மாத்திரை 8.00, போட்டாள். தூக்கம் 10.10 முதல் 5.35 வரை. தனியாகப் பேசியது இரண்டு தடவை, 11.20, 3.45. சாப்பாடு முக்கால் வயிறு. பேருந்து நிலையத்தில் இருபத்தெட்டு வருடம் நேரக்காப்பாளராக உட்கார்ந்தவன் நான். எந்த வண்டி எப்போது வந்தது, எப்போது கிளம்பியது, தாமதம் என்றால் காரணம் என்ன என்று எழுதி எழுதிக் கை பழகிவிட்டது. இதுவரை பார்த்த டாக்டர்கள் எல்லாரும் என் நோட்டைப் பாராட்டியிருக்கிறார்கள்.

மனநலப் பகல்நேர மையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் சமூகப் பணியாளர் பாராட்டவில்லை. பெயர் பெனடிக்டா, முப்பது வயது இருக்கலாம். நோட்டை மெதுவாகப் புரட்டிவிட்டு, "இதை அம்மா படிச்சிருக்காங்களா சார்?" என்று கேட்டாள்.

"அவ எதுக்குங்க படிக்கணும்?"

"அவங்களைப் பத்திதானே எழுதியிருக்கீங்க."

அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெனடிக்டா விடவில்லை. "இவ்வளவு எழுதியிருக்கீங்க, அம்மா பேரு ஒரு எடத்துலயும் இல்லையே சார்?"

என்ன கேள்வி இது? என் வீட்டு நோட்டில் வேறு யாரைப் பற்றி எழுதப் போகிறேன்? கல்யாணமாகி முப்பத்து நான்கு வருடம். நான் "இந்தா" என்பேன், அவள் "என்னங்க" என்பாள். குடும்பம் அதிலேயே ஓடிவிட்டது.

அப்புறம் பெனடிக்டா அரை மணி நேரம் பேசினாள். நோய் முழுசாகப் போன பிறகுதான் வாழ்க்கை என்று காத்துக்கொண்டிருக்க வேண்டாமாம். காதில் குரல் கேட்டாலும் கேட்கட்டும், அதையும் வைத்துக்கொண்டே தனக்குப் பிடித்த மாதிரி ஒருத்தர் வாழலாமாம். அதற்குத்தான் மீண்டு வருவது என்று பேராம். கூட இருப்பவர் பக்கத்தில் நிற்க வேண்டும், முன்னால் நின்று கயிறு கட்டி இழுக்கக் கூடாது. நான் எங்கே இழுத்தேன்? மாத்திரை கொடுத்தேன், சோறு கொடுத்தேன், கதவைப் பூட்டினேன். பூட்டாமல் இருந்து நான் பட்டது எனக்குத் தெரியும்.

வீட்டுப்பாடம் கொடுத்திருக்கிறாள். பழைய நோட்டை பீரோவில் வைக்க வேண்டும். புது நோட்டில் என்னைப் பற்றி எழுத வேண்டும். அவளுக்கு என்ன வேண்டும் என்று அவளிடமே கேட்க வேண்டும்.

என்னைப் பற்றி எழுத என்ன இருக்கிறது? வயது அறுபத்து நான்கு. சர்க்கரை உண்டு.

ஜூன் 4, புதன்

கேட்டேன்.

"உனக்கு என்ன வேணும்?"

"காப்பி."

"அது இல்ல. வாழ்க்கையில என்ன வேணும்?"

கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். "மாத்திரை எதையும் மாத்திப் போட்டுட்டீங்களா?" என்றாள்.

ஜூன் 6, வெள்ளி

ஏழு அறை உள்ள மாத்திரை டப்பா வாங்கி வந்தேன். இதுவும் அந்தப் பெண் சொன்னதுதான். இனி அவளே எடுத்துப் போட்டுக்கொள்வாள். நான் கையில் வைத்து, தண்ணீர் கொடுத்து, "வாயைத் திற, நாக்கைத் தூக்கு" என்று பார்க்கக் கூடாது.

அவள் குளிக்கப் போனபோது எண்ணிப் பார்த்தேன். சரியாக இருந்தது. சாயங்காலம் மறுபடியும் எண்ணினேன். அதுவும் சரியாக இருந்தது. டப்பாவை நான் வைத்த இடத்தில் வைக்காமல் வேறு இடத்தில் வைத்திருக்கிறாள்.

ஜூன் 10, செவ்வாய்

மையத்தில் அவள் வாயைத் திறந்தாள். நான் பயந்த மாதிரியே ஆயிற்று.

"நத்தத்துக்குப் போகணும். ஜுலைகா அங்க ரெடிமேட் சட்டை தைக்கிற பட்டறை வச்சிருக்கா. பொத்தான் ஓட்டைக்குக் காஜா எடுக்க ஆளில்லன்னு சொன்னா. புதனும் சனியும் போறேன்."

ஜுலைகா இவளோடு கல்யாணத்துக்கு முன் ஒரே பட்டறையில் தையல் வேலை பார்த்தவள். எப்போது பேசினார்கள்? எந்தப் போனில்? எனக்குத் தெரியாமல் என் வீட்டில் போன் பேச்சு நடந்திருக்கிறது.

"காஜாதானே, வீட்டுலயே மிஷின் வாங்கித் தர்றேன்," என்றேன்.

"வீட்டுல வேணாம்."

"அப்ப நான் கூட்டிட்டுப் போறேன்."

"பஸ்ஸுல தனியாப் போகணும்."

பெனடிக்டா என்னைப் பார்த்தாள். வீட்டுக்கு வந்து கதவைப் பூட்டிவிட்டு இதை எழுதுகிறேன்.

பன்னிரண்டு வருடத்துக்கு முன் அவள் பதினோரு நாள் காணாமல் போனாள். அன்று எனக்குக் காலை ஐந்து மணி டூட்டி. நான் கிளம்பும்போது தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டை விட்டு எப்போது போனாள், எந்த வண்டியில் ஏறினாள், எதுவும் எனக்குத் தெரியாது. போலீஸிலும் அப்படித்தான் எழுதிக் கொடுத்தேன். பதினோராம் நாள் திருமயம் பக்கம் ஒரு டீக்கடைக்காரர் தகவல் கொடுத்து, போய்க் கூட்டி வந்தோம். காலெல்லாம் புண். என்னைப் பார்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. அதற்கப்புறம் கதவு பூட்டியே இருந்தது. அவ்வளவுதான், அந்த நாளைப் பற்றி எழுத வேறு ஒன்றும் இல்லை.

ஜூன் 11, புதன்

காலை 7.30-க்கு மகள் இளவரசி திருப்பூரிலிருந்து பேசினாள். "ஒரு தடவை பட்டது போதாதாப்பா? அம்மா தொலைஞ்சு போனா அந்த மேடம் வந்து தேடுவாங்களா?" நியாயமான கேள்வி. நானும் அதைத்தான் நினைக்கிறேன் என்று சொன்னேன்.

10.00-க்கு பெனடிக்டா பேசினாள். "ஆபத்தே இல்லன்னு நான் சொல்ல மாட்டேன் சார். வீட்டுக்குள்ளயே பன்னெண்டு வருஷம் இருக்கறதும் ஒரு ஆபத்துதான், அது வெளிய தெரியாது, அவ்வளவுதான். மொதல்ல கூடப் போய்ட்டு வாங்க. அப்புறம் தனியா விட்டுப் பாருங்க." அதுவும் நியாயமாகத்தான் பட்டது. சரி என்று சொன்னேன்.

இரண்டு பேரிடமும் சரி என்று சொல்லிவிட்டு நான் எந்தப் பக்கம் நிற்கிறேன் என்று எனக்கே புரியவில்லை.

மதியம் இருவரும் நத்தம் போய் வந்தோம். அவள் ஜன்னலோரம், நான் பக்கத்தில். சாணார்பட்டி தாண்டியதும், "நீங்க பின் சீட்டுல போய் உக்காருங்களேன்," என்றாள். போய் உட்கார்ந்தேன். முப்பத்தேழு கிலோமீட்டரில் பாதியை அவள் பின்னந்தலையைப் பார்த்துக்கொண்டே வந்தேன். நரைத்துவிட்டது. இவ்வளவு நரைத்திருப்பது எனக்குத் தெரியாது.

ஜூன் 13, வெள்ளி

நாளைக்குக் கட்ட அவளே சேலை எடுத்து வைத்திருக்கிறாள். ஊதாவில் சின்னக் கட்டம். ஜாக்கெட்டைக்கூட இஸ்திரி போட்டுவிட்டாள். இப்போதெல்லாம் நன்றாகவே உடுத்துகிறாள். அன்றைக்குப் பச்சைச் சேலையின் உள்பக்கம் வெளியே தெரியச் சுற்றிக்கொண்டு, ஒரு காலில் மட்டும் செருப்போடு நின்றாள். அந்த மாதிரியெல்லாம் இப்போது இல்லை.

பச்சைச் சேலை என்று யாரோ சொன்னார்கள்.

மாலையில் பேருந்து நிலையத்துக்குப் போய் ஒரு சின்ன ஏற்பாடு செய்துவிட்டு வந்தேன். இதை பெனடிக்டாவிடம் சொல்ல வேண்டிய அவசியம் இல்லை. நத்தம் ரூட்டில் ஓடும் கண்டக்டர்களில் பழைய ஆட்கள் ஓய்வு பெற்றுவிட்டார்கள். புதுப் பையன்கள்தான். ஆனாலும் டைம் கீப்பர் என்றால் மரியாதை இருக்கிறது. ஒன்பது இருபது வண்டிக் கண்டக்டர் சேவுகன் நல்ல மாதிரி. ஊதாச் சேலை, நெற்றியில் சின்னப் பொட்டு என்று அடையாளம் சொல்லியிருக்கிறேன். திரும்பி வரும் வண்டிகளிலும் மூன்று பேரிடம் சொல்லி வைத்தாயிற்று.

ஜூன் 14, சனி

9.20 நத்தம் வண்டி, புறப்பாடு. அவள் டிரைவருக்குப் பின்னால் மூன்றாவது சீட், ஜன்னலோரம்.
9.46 சாணார்பட்டி. சேவுகன் போன். உட்கார்ந்திருக்கிறாள்.
10.02 கோபால்பட்டி. தூங்கவில்லை. ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறாள்.
10.31 நத்தம். இறங்கி, சரியான பக்கம் நடந்துபோனாள்.
4.50 நத்தம், புறப்பாடு. வேறு கண்டக்டர். கையில் ஒரு பை.
5.50 வந்து சேர்ந்தாள். தாமதம் இல்லை.

இருபத்தெட்டு வருட சர்வீஸில் இவ்வளவு திருப்தியாக நான் ஒரு வண்டிக்கும் எழுதியதில்லை. இளவரசிக்குப் போன் போட்டு, "பயப்படாதே, எல்லாம் என் கண்ட்ரோல்ல இருக்கு," என்றேன்.

அவள் வந்ததும் கால் கழுவிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தாள்.

"எப்படி இருந்துச்சு?"

"உங்களுக்குத்தான் தெரியுமே."

எனக்கு எப்படித் தெரியும்? கேட்டால்தானே தெரியும். பதில் சொல்லத் தெரியாதவளை என்ன செய்வது?

ஜூன் 15, ஞாயிறு

பேசவில்லை.

ஜூன் 17, செவ்வாய்

மையத்துக்கு வர மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். சமையல் செய்தாள், துணி துவைத்தாள், மாத்திரை போட்டாள். என்னிடம் மட்டும் பேச்சு இல்லை. கொல்லைப்பக்கம் போய் அந்தக் குரல்களோடு கொஞ்ச நேரம் பேசினாள். அவற்றோடு பேச முடிகிறது, என்னோடு பேச முடியவில்லை.

ஜூன் 18, புதன்

நத்தம் போகவில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள். பீரோவிலிருந்து பழைய நோட்டை எடுத்துவிட்டேன். காலை மாத்திரை 8.05. சாப்பாடு அரை வயிறு. படுக்கை 9.00 முதல் 12.40 வரை.

எழுதிக்கொண்டிருக்கும்போதே கை நின்றுவிட்டது. இது கோபமா, நோயா? வண்டி நடுவழியில் நின்றால் டயர் பஞ்சரா, இன்ஜின் கோளாறா என்று டிரைவர் இறங்கிப் பார்த்துச் சொல்லிவிடுவான். இதை யார் இறங்கிப் பார்ப்பது?

பெனடிக்டாவுக்குப் போன் போட்டேன். "மறுபடியும் ஆரம்பிச்சிருச்சு போல இருக்கும்மா. டோஸைக் கூட்டச் சொல்லி டாக்டர்கிட்ட கேக்கலாமா?"

"சாப்பிடறாங்களா? தூங்கறாங்களா? மாத்திரை போடறாங்களா?"

"எல்லாம் செய்றா. என்கிட்ட மட்டும் மூஞ்சியத் தூக்கி வச்சிருக்கா."

அந்தப் பக்கம் சிரிக்கிற மாதிரி இருந்தது. "நீங்க கோபப்பட்டா கோபம், அவங்க கோபப்பட்டா மட்டும் நோயா சார்? எதுக்குக் கோபம்னு அவங்ககிட்டயே கேளுங்க."

கேட்கவில்லை. ஏனென்று தெரியவில்லை. இருபத்தெட்டு வருடம் டிரைவர், கண்டக்டர் எல்லாரிடமும் தாமதத்துக்குக் காரணம் கேட்டவன், சொந்த வீட்டில் கேட்க வாய் வரவில்லை.

ஜூன் 20, வெள்ளி

சாயங்காலம் அவளாகவே பேசினாள். "நாளைக்குப் போறேன்." இரண்டே வார்த்தை. எனக்கு அதுவே போதுமாக இருந்தது. உடனே சேவுகனுக்குப் போன் போட்டுச் சொல்லிவிட்டேன்.

ஜூன் 21, சனி

9.20-க்கு ஏறினாள். 9.48-க்கு சேவுகன் போன்.

"சார், உங்க சொந்தக்காரம்மா சாணார்பட்டியில எறங்கிட்டாங்க. நத்தத்துக்குத்தான் டிக்கெட் எடுத்தாங்க. கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பாக்காம எறங்கிட்டாங்க சார். வண்டிய எடுத்தாச்சு, நான் என்ன செய்யட்டும்?"

அப்புறம் என்ன செய்தேன் என்பது வரிசையாக ஞாபகம் இல்லை. மொபெட்டை எடுத்தேன். ஹெல்மெட் போட மறந்தேன். வழியில் ஊதாச் சேலை எங்கே தெரிந்தாலும் வண்டியை நிறுத்தினேன். பதினோரு நாள், திருமயம், கால் புண், இளவரசியிடம் என்ன சொல்வது, எல்லாம் மாறி மாறி வந்தன. கடவுளே இந்த ஒரு தடவை என்று வாய்விட்டுச் சொன்னேன்.

சாணார்பட்டியில் நிழற்குடையில் உட்கார்ந்து வெள்ளரிப்பிஞ்சு தின்றுகொண்டிருந்தாள். சேலை ஒழுங்காக இருந்தது. இரண்டு காலிலும் செருப்பு இருந்தது.

"மூச்சு வாங்குது பாருங்க. உக்காருங்க," என்றாள்.

"இங்க ஏன் எறங்குன?"

"அடுத்த வண்டியில போலாம்னு எறங்குனேன்."

"அந்த வண்டிக்கு என்ன?"

"அந்தக் கண்டக்டர் தம்பி ஸ்டாப்புக்கு ஸ்டாப் என்னையத் திரும்பித் திரும்பிப் பாக்குது. போன வாரம் போன்ல சொல்லுச்சு. 'சார், உங்க சொந்தக்காரம்மா தூங்கல, ஜன்னல் வழியா பாத்துக்கிட்டு இருக்காங்க'ன்னு. எனக்குப் பக்கத்துல நின்னுதான் பேசுச்சு." வெள்ளரியை ஒரு கடி கடித்தாள். "சொந்தக்காரம்மாவாம்."

எனக்கு உட்கார்ந்த இடத்தில் உடம்பு குறுகிவிட்டது. ஆமாம், அப்படித்தான் சொன்னேன். எங்கள் சொந்தக்கார அம்மா ஒருத்தர், கொஞ்சம் மனசு சரியில்லாதவர், பார்த்துக்கொள்ளுங்கள் என்று. ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்துக்கூடப் பார்க்கவில்லை. வாய் பழக்கம்.

"உன் பாதுகாப்புக்குத்தானே செஞ்சேன்."

"அன்னைக்குப் பாத்துட்டுப் பாக்காத மாதிரி குனிஞ்சுக்கிட்டீங்க. இப்பப் பாக்காதீங்கன்னு சொன்னா ரூட்டையே பாக்க வைக்கிறீங்க."

ரோட்டில் ஒரு லாரி போயிற்று. நான் அதன் நம்பர் பிளேட்டைப் படித்தேன்.

"எனக்குப் புத்திதான் சரியில்லாம இருந்துச்சு," என்றாள். "கண்ணு நல்லாத்தான் இருந்துச்சு."

அவள் குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் சமாளித்திருப்பேன்.

"அன்னைக்கும் நத்தத்துக்குத்தான் ஏறுனேன். ஜுலைகாகிட்டப் போனா ஏதாச்சும் துணி குடுப்பா, கை வேலை பாத்தா மண்டைக்குள்ள சத்தம் கொஞ்சம் அடங்கும்னு. எறங்குற இடத்தை மறந்துட்டேன். அம்புட்டுத்தான்."

10.25-க்கு அடுத்த வண்டி வந்தது. கண்டக்டர் எனக்கும் தெரியாத ஆள். அவள் எழுந்து மீதி வெள்ளரியை என் கையில் வைத்தாள். "இதத் தின்னுட்டு வீட்டுக்குப் போங்க. வெயில்ல நிக்காதீங்க." ஏறிக்கொண்டாள்.

நான் போகவில்லை. வண்டி போன ரோட்டைப் பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேன் என்று எழுத முடியாது. மணி பார்க்கவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

முன்பு எழுதியதை அடித்துத் திருத்துவது எனக்குப் பழக்கம் இல்லை. பதிவேட்டில் அடித்தல் கூடாது. ஆகையால் கீழே எழுதுகிறேன்.

பத்தாம் தேதி எழுதியது பொய். போலீஸில் எழுதிக் கொடுத்ததும் பொய். அன்று காலை 10.35-க்கு அவள் பேருந்து நிலையத்துக்கு வந்தாள். என் ஜன்னலுக்கு நேர் எதிரே, எட்டடி தூரத்தில், காரைக்குடி வண்டிப் பக்கத்தில் நின்றாள். பச்சைச் சேலை. ஒரு செருப்பு. தனக்குத்தானே பேசிக்கொண்டிருந்தாள். என் அறையில் மாணிக்கவாசகம் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். டிப்போ கிளார்க். அவர்தான் இளவரசிக்கு வரன் கொண்டுவந்தவர். ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக இருந்தது. பெண்ணின் அம்மா தாய்வீட்டில் இருக்கிறாள், உடம்பு சரியில்லாத தகப்பனைப் பார்த்துக்கொள்கிறாள் என்று எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தேன்.

மாணிக்கவாசகம் வெளியே பார்த்து, "யாருங்க அது, பாவம்," என்றார்.

"தெரியல," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். நான் குனிந்து பதிவேட்டில் எழுதினேன். காரைக்குடி வண்டி, நத்தம் வழி, புறப்பாடு 10.40, தாமதம் இல்லை. நிமிர்ந்தபோது வண்டி இல்லை, அவளும் இல்லை. டூட்டி முடிந்து போய்த் தேடிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். எந்த வண்டி என்று எனக்குத் தெரியும். ஒரு போன் செய்திருந்தால் நத்தத்தில் இறக்கியிருப்பார்கள். நத்தத்திலிருந்து இவள் யார் என்று கேட்பார்களே என்று பயந்து செய்யவில்லை.

அந்த வரன் எப்படியும் அமையவில்லை.

பன்னிரண்டு வருடம் மாத்திரையும் தூக்கமும் நிமிடக் கணக்காக நான் ஏன் எழுதினேன் என்று இப்போது யோசிக்கிறேன். அக்கறை என்றுதான் நினைத்திருந்தேன். அக்கறையும்தான். என்னவோ, தெரியவில்லை. இன்று முழுக்க அவளிடம் மன்னிப்புக் கேட்க நான்கு தடவை அடுப்படி வரை போனேன். நான்கு தடவையும் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

மையத்தில் பெனடிக்டா அவளிடம் ஒரு தாளைக் கொடுத்தாள். தலைப்பு, என் நலத் திட்டம். முடியாமல் போகும் நேரத்துக்காக, நன்றாக இருக்கும்போதே அவரவர் எழுதி வைத்துக்கொள்வதாம். அப்போது டாக்டரும் வீட்டாரும் இதன்படி நடக்க வேண்டும். "சார் எழுதக் கூடாது. அம்மாதான் எழுதணும்," என்று முன்கூட்டியே என்னைத் தடுத்துவிட்டாள். ஒரு மணி நேரம் ஆயிற்று. கூட்டெழுத்தில் கொஞ்சம் கோணலாக எழுதியிருந்தாள். அவள் கையெழுத்தைப் பார்த்து எவ்வளவு காலம் ஆகிறது. அப்படியே இங்கே எழுதுகிறேன்.

நான் நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பேன்: காஜா கோணாமல் வரும். சினிமா பார்த்தால் கதை புரியும்.

முடியாமல் போகிறது என்பதற்கு அடையாளம்: குழம்பில் உப்பு இரண்டு தடவை போடுவேன். செருப்பை மறப்பேன். சத்தம் கேட்பது அடையாளம் இல்லை. அது எப்போதும் கேட்கும்.

கூட இருப்பவர் செய்யக் கூடாதது: வாயைத் திறக்கச் சொல்லக் கூடாது. டப்பாவை எண்ணக் கூடாது.

கூட இருப்பவர் செய்ய வேண்டியது: எங்கே பார்த்தாலும் பேர் சொல்லிக் கூப்பிட வேண்டும். நாலு பேர் இருந்தாலும் கூப்பிட வேண்டும்.

படித்துவிட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்தேன். பெனடிக்டா, "சார், உங்களால முடியாதது ஏதாவது இருந்தா இப்பவே சொல்லிடலாம்," என்றாள். எல்லாம் முடியும் என்றேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தேன். அது சுத்தமாகத்தான் இருந்தது.

வெளியே வரும்போது, படியில் வைத்து, "அன்னைக்கு நான் செஞ்சது தப்பு," என்றேன்.

"ம்," என்றாள். கொஞ்சம் நடந்தபின், "வரும்போது உப்பு வாங்கணும். தீந்துபோச்சு," என்றாள். அது மன்னிப்பா இல்லையா, எனக்குத் தெரியவில்லை.

ஜூன் 25, புதன்

சேவுகனுக்கும் மற்ற மூன்று பேருக்கும் போன் போட்டு, இனி பார்க்க வேண்டாம் என்றேன். ஏன் சார் என்று சேவுகன் கேட்டான். அது சொந்தக்காரம்மா இல்லை, என் வீட்டுக்காரி என்று சொல்ல வேண்டியதுதானே. "சும்மாதான் தம்பி," என்று வைத்துவிட்டேன்.

அவள் நத்தம் போனாள். வந்தாள். இடையில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. அந்த எட்டு மணி நேரத்தை என்ன செய்வது என்றும் தெரியவில்லை. இரண்டு தடவை தெருவைப் பெருக்கினேன். எதிர்வீட்டார் ஏதாவது விசேஷமா என்று கேட்டார்கள்.

ஜூன் 28, சனி

காலையில் கிளம்பும்போது, "சாயங்காலம் வேணும்னா பஸ் ஸ்டாண்டுக்கு வாங்க. காய் வாங்கிட்டுச் சேந்து வரலாம்," என்று சொன்னாள். அவள் கூப்பிட்டதால் போனேன். நானாகப் போகவில்லை என்பதை இங்கே பதிகிறேன்.

5.20-க்கே போய்விட்டேன். நேரக்காப்பாளர் அறையில் இப்போது என் ஜூனியர் துரைக்கண்ணு. நாற்காலி போட்டான். டூட்டி முடித்த சேவுகனும் இன்னும் இரண்டு கண்டக்டர்களும் அங்கே நின்றார்கள். டீ வந்தது. பென்ஷன், அகவிலைப்படி என்று பேச்சு ஓடியது. எனக்கு எதுவும் காதில் ஏறவில்லை.

5.50 வண்டி 5.50-க்கு வரவில்லை. போன் எடுத்தேன், வைத்தேன். மறுபடியும் எடுத்தேன், வைத்தேன்.

வண்டி வந்தது. கூட்டத்தோடு இறங்கினாள். ஊதாச் சேலை, இரண்டு செருப்பு, கையில் துணிப்பை. ஆனால் இறங்கியதும் இந்தப் பக்கம் வராமல் எதிர்ப்பக்கம் நடந்தாள். வாய் அசைந்துகொண்டே இருந்தது. ஒரு கையை வீசி யாரையோ அதட்டினாள். பக்கத்தில் யாரும் இல்லை. நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பள்ளிக்கூடப் பெண்கள் இரண்டு பேர் பார்த்துச் சிரித்தார்கள்.

"சார்," என்று சேவுகன் மெதுவாகச் சொன்னான். "உங்க சொந்தக்காரம்மா."

துரைக்கண்ணு எட்டிப் பார்த்து, "யாரு சார்?" என்றான்.

அதே ஜன்னல். முன்னால் மேஜை. மேஜைமேல் பதிவேடு திறந்திருந்தது. என் தலை குனியத் தொடங்கியதை நான் உணர்ந்தேன். இதை மறைக்காமல் எழுதுகிறேன். பழகிய கழுத்து, அது தானாகக் குனிகிறது.

எழுந்து வெளியே வந்தேன். கூப்பிட வாயைத் திறந்தால் "இந்தா" என்றுதான் வந்தது. அவள் திரும்பவில்லை. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேரை எத்தனை பேர் "இந்தா" என்று கூப்பிடுகிறார்கள். முப்பத்து நான்கு வருடமாக வாயில் வராத பெயர், தொண்டைக்குள்ளேயே இருந்தது.

"பஞ்சவர்ணம்!"

போதாது. மதுரை வண்டி ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது.

"பஞ்சவர்ணம்! இங்க இருக்கேன்! பஞ்சவர்ணம்!"

பேருந்து நிலையமே திரும்பிப் பார்த்தது. அவளும் திரும்பினாள். நின்ற இடத்திலேயே நின்று என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பிறகு மெதுவாக நடந்து வந்தாள்.

"எதுக்கு இம்புட்டுக் கத்துறீங்க? காது நல்லாத்தான் இருக்கு."

"அங்க எங்க போன?"

"காய்க்கடை அந்தப் பக்கந்தான இருக்கு."

"யாரத் திட்டிட்டு இருந்த?"

"அதுங்களைத்தான். வழி பூராம் நைநைன்னு. எறங்குற எடம் வருது, சும்மா இருங்கடின்னு அதட்டிட்டு வந்தேன்."

சேவுகன் அருகில் வந்து நின்றான். என்ன சொல்வதென்று தெரியாமல் அவளுக்கு ஒரு வணக்கம் வைத்தான். "தம்பி," என்றேன். குரல் எனக்கே சரியாகக் கேட்கவில்லை. இன்னொரு தடவை சொன்னேன். "தம்பி, இவங்க பஞ்சவர்ணம். என் வீட்டுக்காரி. நத்தத்துல வேலை பாக்கறாங்க."

"தெரியும்," என்றாள் பஞ்சவர்ணம். "தம்பி ரொம்ப நல்லாப் பாத்துக்கும்."

சேவுகன் முகத்தைப் பார்க்கப் பாவமாக இருந்தது. அவள் சிரித்தாள். காய்க்கடையில் முருங்கைக்காய் முற்றல் என்று கடைக்காரரோடு சண்டை போட்டாள். வழியில் பையைத் திறந்து ஒரு வெள்ளைச் சட்டையைக் காட்டினாள். ஏழு காஜா. ஒன்று கோணல்.

பழைய நோட்டு பதினைந்தையும் அவளிடம் கொடுத்துவிட்டேன். என்ன வேண்டுமானாலும் செய்துகொள் என்றேன். அடுப்படி அலமாரித் தட்டில் விரிக்கத் தாள் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த நோட்டில் இன்றைக்கு இவ்வளவுதான்.

நத்தம் வண்டி, வருகை 6.05. பதினைந்து நிமிடம் தாமதம். பஞ்சவர்ணம் வந்து சேர்ந்தாள். காரணம் கேட்கவில்லை.